பச்சை வட்டம்

ராஜமாணிக்கத்தின் படத்துக்குப் போட்ட சாமந்தி மாலை இன்னும் வாடவில்லை. நோய்க் கணக்கெடுப்புக்கு வீடுவீடாகப் போகும் பூமிகா, அந்தப் படத்துக்கு நேர் கீழே மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டம் மினுங்குகிறது: மாரடைப்பு அபாயம் குறைவு. போன மாதம் பார்த்தபோது அவருக்கு பிரஷர் நூற்றெண்பது. "செவப்பு வந்தா எங்க ஊட்ல பெரியபாளையம் போவ வுடமாட்டா, பாப்பா. அங்கப்பிரதட்சணம் வேண்டிக்கினு கீறேன். ஆடி முடியட்டும், அப்புறம் சரியா போட்டுக்கோ" என்று அவர் கெஞ்சினார். நூற்றிருபது என்று தட்டியது இந்த விரல்தான். இப்போது அது 'இறந்தவர்' என்ற கட்டத்துக்கு மேலேயே நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. வயலுக்கு அப்பால் கவரைப்பேட்டை ரயில் கூவிக்கொண்டு போகிறது. அவர் மனைவி குணசுந்தரி மோர் டம்ளரை வைத்துவிட்டு எதிரே உட்காருகிறாள். "மிஷினே பச்சைன்னு சொல்லிச்சு, அந்தத் தைரியத்துலதான் அனுப்புனேன். கோயில்ல உருண்டுகினு இருக்கும்போதே போய்ட்டாரு. யாரை நொந்துக்கறது, சொல்லு?" பூமிகா டேப்லெட்டை மடியில் குப்புறக் கவிழ்க்கிறாள். குணசுந்தரி வளையல் இல்லாத கையை அவளிடம் நீட்டுகிறாள்.

"எனுக்கும் பிரஷர் பாரும்மா."