வாடாத கீரைக்கு வரியில்லை

வாடாத காய்கனிக்கு இனி வரியில்லை என்று சந்தை வாசலில் பலகை வைத்தார்கள். வாடியதா என்று தொட்டுப் பார்க்க ஓர் அதிகாரி உட்கார்ந்தார். விடிகாலையில் பறித்த அரைக்கீரையை ஈரச்சாக்கில் மூடிக்கொண்டு வந்த செவந்தியின் முறை வந்தபோது உச்சிவெயில். அதிகாரி தூக்கிப் பார்த்த கீரைக்கட்டில் இலைகள் துவண்டு தொங்கின.

“வாடிப்போச்சு. வரி கட்டணும்.”

“வரிசையில வந்து நிக்கும்போது நல்லாத்தாங்க இருந்துச்சு.”

“நான் பாக்கும்போது எப்படி இருக்குதோ அதுதாம்மா கணக்கு.”

மறுநாள் அவள் ஒரு மண்தொட்டியைத் தலையில் சுமந்து வந்தாள். அதில் கீரை வேரோடு நின்றது. உச்சிவெயிலிலும் இலைகள் நிமிர்ந்திருந்தன. அதிகாரி தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டப்புத்தகத்தைத் திறந்து, மண்ணுக்கு வரி உண்டா என்று நிதானமாகத் தேடத் தொடங்கினார். அவளுக்குப் பின்னால் நின்றவர்களின் கூடைகள் வாடிக்கொண்டிருந்தன.