பதினான்காம் பக்கத்து மீனவர்கள்

அவள் பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

பதினான்காம் பக்கம்வரை யாரும் போவதில்லை. போகமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அது எழுதப்பட்டிருந்தது.

எழுதியவன் அவன். ஒரு பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவன். தலைமைச் செயலகத்தில், உயர்கல்வித் துறைப் பிரிவு அலுவலரான அவளுக்கு எதிரே, ஒரு கால் ஆடும் நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான்.

மேசைமேல் இருந்த கோப்பு, சைகைமொழி பெயர்ப்பாளர்களுக்கான இளங்கலைப் பட்டம்.

பட்டம் இன்னும் பட்டமாகவில்லை. அதற்கு அரசாணை வரவேண்டும்.

"அதெல்லாம் வந்துடும், நீங்க ஆரம்பிங்க" என்று துணைவேந்தர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அவர் ஓய்வுபெற்று, சால்வைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார். ஆரம்பித்த வகுப்பில் பதினோரு பேர் கடைசி செமஸ்டருக்கு வந்துவிட்டார்கள்.

ஏப்ரலில் தேர்வு. அதற்குள் ஆணை வராவிட்டால் அவர்கள் படித்தது எந்த வேலைக்கும் செல்லாது. மூன்று வருடம் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அவள் கோப்பை அவன் பக்கம் திருப்பினாள். விரல் வைத்துக் காட்டினாள்.

'இப்பாடப்பிரிவின் வாயிலாக மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் பெரிதும் பயன்பெறுவர்.'

"உங்க ஊர்ல கடல் எங்க சார் இருக்கு?"

கடலா? அவர்கள் ஊரில் ஏரியிலேயே தண்ணீர் கிடையாது.

அந்த வரி எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியும். புதுப் பட்டத்துக்கு அனுமதி கேட்டு எழுதுவதை யாரும் புதிதாக எழுதுவதில்லை. எங்கேயோ எப்போதோ அனுமதி கிடைத்த ஒரு பழைய கோப்பு இருக்கும். அதற்கு ஒரு ராசி. அதை வாங்கிப் பாடத்தின் பெயரை மட்டும் மாற்றுவார்கள். அவன் கைக்குக் கிடைத்தது மீன் பதப்படுத்தும் படிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மீன்களை எல்லாம் பிடித்து வெளியே போட்டான்.

மீனவர்கள் தப்பிவிட்டார்கள்.

பாடத்திட்டக் குழுவில் ஒன்பது பேர். கல்விக் குழுவில் எழுபத்திரண்டு பேர். சிண்டிகேட்டில் பதினேழு பேர். அத்தனை பேரும் முந்திரி பக்கோடா தின்றபடி இதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள். எட்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. அதற்குமேல் கறையும் இல்லை.

முதல்முதலாகப் படித்த ஆள் இவள்தான். அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை.

அவள் ஒரே வரி எழுதினால் போதும். 'விளக்கம் பொருந்தவில்லை, திருப்பி அனுப்பலாம்.' திரும்பினால் மறுபடி மூன்று குழு. கல்விக் குழு ஆகஸ்டில்தான் கூடும்.

சமாளிக்க ஒன்றிரண்டு பொய் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தான். எதுவும் எடுபடாது.

"தப்புதான் மேடம். பழைய ஃபைலப் பாத்து எழுதினேன். பண்ணது நான். பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?"

அவள் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, கடைசியிலிருந்து புரட்டினாள். இணைப்பு ஆறு. சேர்ந்த மாணவர்களின் பட்டியல். பெயர், ஊர், தந்தையின் தொழில்.

விரல் இறங்கியது.

விவசாயம். கூலி. விவசாயம். லாரி ஓட்டுநர். கூலி. தையல்.

ஏழில் நின்றது.

ஸ்டெனிலா. மணப்பாடு. மீன்பிடி.

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தப் படிப்புக்காக அரை மாநிலம் தாண்டி வந்த பெண். அந்த வரி பொய் என்று அவனே நம்பியிருந்ததால், அவளை அங்கே தேடத் தோன்றவில்லை.

அலுவலர் குறிப்புத் தாளை எடுத்தாள். நிதானமாக எழுதினாள்.

'மாணவருள் மீனவர் குடும்பத்தினர் உள்ளனர். காண்க: இணைப்பு ஆறு, வரிசை எண் ஏழு. ஏற்கெனவே சேர்ந்தோருக்கும் பொருந்துமாறு ஆணை வெளியிடலாம்.'

கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காததுபோல் மறுபடி பதினான்காம் பக்கத்துக்குப் போனாள்.

"வேணும்னா 'பெரிதும்'ங்கிறத மட்டும் அடிச்சு, பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்து போட்டுடுங்க சார். ஒரே ஒரு பொண்ணுதானே."

பேனாவை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டான்.

போன வருடம் களப்பயிற்சிக்கு வகுப்பை மணப்பாட்டுக் கரைக்குக் கூட்டிப் போயிருந்தான். மீன் ஏலம். ஸ்டெனிலாவின் அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இருபத்தைந்து வருடமாக, வியாபாரிகள் வாயசைப்பதைப் பார்த்து, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே மீனைக் கொடுத்துவந்தவர்.

அன்று மகள் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றாள். அவர்கள் சொன்ன ஒவ்வொரு விலையையும், தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டதையும்கூட, கைகளால் அப்பாவுக்குச் சொன்னாள்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, மாட்டேன் என்று தலையாட்டினார்.



அவன் எதையும் அடிக்காமல் பேனாவை மூடினான். அலுவலரிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இருக்கட்டும் மேடம்."