ஈரக் கை

டெக்ஸாஸின் பிளானோவில் இந்தியக் கடைகளின் முன்னால் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் மெஹர் நிஷா. அந்தி வெயில் கண்ணாடியில் செம்மஞ்சளாய் வழிகிறது. ஸ்டீயரிங் பக்கத்தில் செருகிய போனில் கணவன் தஹ்ஸீன். தென் துருவ ஆய்வு நிலையத்தில் இன்றுதான் வந்து இறங்கியிருக்கிறான். "இங்க சூரியன் மறையவே மறையாது மெஹர், சுத்திச் சுத்தி வருது. போன்ல மக்கா திசை காட்டுற கிப்லா காம்பஸ் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடுது. வெளிய போய் சூரியன வச்சு திசைய செக் பண்ணிட்டு வந்து தொழறேன். சாட்டிலைட் கட் ஆகுறதுக்குள்ள நீயும் பாத்துடு." அவன் பக்கம் கனத்த கதவு திறக்கிறது. திரை முழுக்க வெள்ளை. வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. காற்று தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் கரகரக்கிறது. தொழுகைக்காக முகமும் கையும் கழுவி அவன் ஒளுச் செய்த தண்ணீர் தாடியில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெள்ளை மணிகளாகிறது. ஒளுத் தண்ணீரைத் துடைக்காமல் தானாகக் காயவிடுவது அவன் வழக்கம். டெக்ஸாஸ் வெயிலில் அது நொடியில் காய்ந்துவிடும். கையுறை போடவில்லை. படியிறங்க, அந்த ஈரக் கை இரும்புக் கம்பியை நோக்கி நீள்கிறது. "என்னங்க, கம்பியத் தொடாதீங்க! கை ஈரம், ஒட்டிக்கும்!" படம் அப்படியே நின்றுவிடுகிறது. விரல்கள் கம்பியைச் சுற்றி மடங்கியிருக்கின்றன. வாய் பாதி திறந்திருக்கிறது, சிரிக்கவா கத்தவா என்று தெரியவில்லை. பின்சீட்டில் மகள் மஹா சமோசாவை மெல்வதை நிறுத்துகிறாள். "அம்மா, வொய் இஸ் அத்தா நாட் மூவிங்?" மெஹர் கட்டை விரலால் திரையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். வெளியே வெயில் அணைகிறது. அசையாத அவன் முகத்துக்கு அடியிலிருந்து, அதே போனில், அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலிக்கத் தொடங்குகிறது.