பதர் வயல்

அரிசியைவிட உமிக்கு விலை கூடியபின், வெறும் உமியாகவே விளையும் நெல்லைத்தான் எங்கள் ஊரே பயிரிட்டது. பலகை, ஓடு, பஸ் இருக்கை எல்லாம் உமியில்தான். சோறு வெளியூரிலிருந்து பொட்டலமாக வந்தது.

"ஒரு மூலையிலயாவது அரிசி நெல்லு போடுங்களேன்," என்று என் மனைவி செண்பகவல்லி ஒவ்வொரு விதைப்புக்கும் கேட்பாள்.

"அதை எவன்டி வாங்குவான்?" என்று அவள் வாயை அடைப்பேன்.

இன்று அவளை உமிப்பலகைப் பெட்டியில் கிடத்தியிருந்தோம்.

"வாய்க்கரிசி போடணும். அரிசி எங்கய்யா?" என்றார் சடங்கு செய்பவர்.

யார் வீட்டிலும் இல்லை. களத்துக்கு ஓடினேன். தப்பித்தவறி நாலு மணியாவது அரிசி பிடித்திருக்காதா என்று முறம் முறமாகத் தூற்றினேன். அத்தனையும் காற்றோடு போயிற்று.

வெறும் முறத்தோடு திரும்பினேன்.

அவள் கேட்டது ஒரு மூலைதான்.