நடுக் கட்டத்தில் நின்ற அட்டை

“நிவாவோட அட்டை இன்னும் நடுவுலயே நிக்குதே, தொகாரி சான். இது ஆபீஸா, பஸ் ஸ்டாண்டா?”

பிரிவுத் தலைவர் செகிமோத்தோ பலகையை விரலால் தட்டினார். காந்தத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் அட்டை லேசாக ஆடி நின்றது. ஃபுசாயே தலை குனிந்தாள்; தொகாரி அவள் பிறந்த வீட்டுப் பெயர். காலையிலிருந்து நின்றதில் கால் கடுத்தது.

பலகையில் மூன்று கட்டங்கள். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்தான் அதை நகர்த்த வேண்டும். அடுத்தவர் கை வைக்கக் கூடாது. நடுக் கட்டம் காலியானால்தான் வீட்டுக்குக் கிளம்பலாம். இரண்டுமே தலைவர் போட்ட விதிகள்.

“நிவா சான் லீவு, தலைவரே.”

“மறுபடியுமா? வயித்து வலியா, இல்ல மீன் பிடிக்கப் போயிட்டானா?”

நிவா இறந்து எத்தனையோ வருஷமாகிறது, இனி வரப்போவதில்லை. ஒருமுறை அதை வாய்விட்டுச் சொன்னபோது, நாற்காலியில் உட்கார்ந்த தலைவர் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு அட்டைகளும் நகரவில்லை, அவளும் வீட்டுக்குப் போகவில்லை.

ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது. இந்நேரத்துக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் அவள் கணவர் முகம் கொடுத்துப் பேசுவார். சாப்பிட்டால் தூங்கிவிடுவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது.

“அதை நானே முடிச்சிடட்டுமா, தலைவரே?”

“அடுத்தவன் அட்டையையா? நாளைக்குத் தப்பு வந்தா யாரைப் பிடிக்கிறது?”

“அவர் பேரை அழிச்சிட்டு என் பேரைப் போட்டுக்கறேன்.”

“உங்க பேர்ல ஏற்கெனவே எத்தனை தொங்குது பாருங்க. ஊர் வேலையெல்லாம் உங்க தலையிலதானா?”

“இன்னைக்கு ஒரு நாளாவது என்னை விடுங்க.” குரல் உடைந்தது. “வீட்டுல அவர் தூங்கறதுக்குள்ள போகணும்.”

தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“வீட்டுக்காரரா? ஆள் எப்படி?”

“நல்லவர். கொஞ்சம் கறார்.”

“இங்க நான், அங்க அவரா! எப்படித்தான் சமாளிக்கிறீங்க?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“பழகிடுச்சு, தலைவரே.”

“நீங்க இப்படி ஓஞ்சு போறது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டார்.”

தலைவர் பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு நிவாவின் அட்டையை எடுத்தார். பெயரை அடித்துவிட்டு, தன் பெயரை எழுதினார். அதை முதல் கட்டத்தில் ஒட்டினார்.

“நாளைக்கு நான் பார்த்துக்கறேன். நடுக் கட்டம் காலி, கிளம்புங்க. விதி போட்டவனே மீறிட்டான்னு வெளியில சொல்லிடாதீங்க.”

“உங்களுக்கு முன்னாடி கிளம்பறேன், மன்னிக்கணும்.”

குனிந்து வணங்கினாள். பையை எடுத்துக்கொண்டாள். காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். குளிர்காற்றில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, அதே கதவைத் திறந்தாள்.

“நான் வந்துட்டேங்க.”

கூடத்துச் சுவரில் மாட்டிய பலகைக்கு முன்னாலிருந்து அவள் கணவர் திரும்பினார். முகம் மலர்ந்துபோயிற்று.

“வந்துட்டியா, ஃபுசாயே? எவ்வளவு நேரமா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா!”