வேலியோரம் கிடந்த கடல்நாய்

பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதைத் தன் வீட்டு அம்மியருகே உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள் சின்னம்மா. அந்த மூக்கில் அவளுக்குப் பெருமை. மாயெபூர்த் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஊருக்குப் பயம்.

அந்த மார்கழியில் அவள் கால் தரையில் பாவவில்லை. தீமிதிக்கு முன்னால் கரகம் எடுக்க பூசாரி பொன்னுசாமி அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். காப்புக் கட்டியாயிற்று, ஊர் முழுக்க விரதமும் தொடங்கியாயிற்று. இனி மீன், கறி வாடை வீட்டில் பட்டால் காப்பை அறுத்துவிடுவார்கள். கரகம் அடுத்தவள் தலைக்குப் போய்விடும். அடுத்தவள் என்றால், வேலிக்கு அந்தப் பக்கத்துச் சிவகாமி.

சிவகாமியிடம் ஏற்கனவே ஒரு பெருமை இருந்தது. அவள் அப்பா துறையில் கப்பல்களுக்குத் தண்ணீர் ஏற்றியவர். திமிங்கில வேட்டைக் கப்பலின் மத்லோ, மாலுமி ஒருவன், அவருக்கு ஒரு மரப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கடலேறிப் போனான். ஒரே கட்டையில் செதுக்கிய கடல்நாய். வயிற்றைக் குடைந்து பள்ளமாக்கி, விளிம்பெல்லாம் வெள்ளை எலும்பு பதித்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. பனிக்கடல் ஓரத்து ஜனங்கள் விருந்து என்றால் அதில்தான் பரிமாறுவார்களாம்.

சிவகாமி விடுவாளா? ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் வாழையிலை விரித்து, லட்டு அடுக்கி, கடல்நாயை ஏந்திக்கொண்டு வந்துவிடுவாள். பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் கடல்நாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்பேர்ப்பட்ட பாத்திரம் காப்புக் கட்டிய மறுநாள் காலையில் வேலியோரக் கல்மேல் அநாதையாகக் கிடந்தது. அடுத்த நாளும் அங்கேயே. அதற்கடுத்த நாள் விடிந்ததும் மஞ்சள் மணக்கக் கழுவி, இன்னும் கொஞ்சம் வேலிப் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தது.

'வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எதற்கு?' என்று சின்னம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. சிவகாமி கோயிலுக்குக் கிளம்பியதும் அவள் கை வேலிக்குள் நுழைந்தது. திருட்டு என்று சொல்லக்கூடாது. கேட்பாரற்றுக் கிடந்ததைக் கோணியில் சுற்றித் தன் கட்டிலடியில் பத்திரப்படுத்தினாள், அவ்வளவுதான். தீமிதி முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதா என்று யோசிப்பதாகவும் இருந்தாள்.

ஒரே குறை, சிவகாமி கூச்சலே போடவில்லை. சின்னம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி சிவகாமி, உன் கடல்நாயைக் கண்ணுலயே காணோம்?"

"எங்க போயிடும்க்கா? பக்கத்துலதான் எங்கனா இருக்கும்" என்று அவள் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் சின்னம்மாவின் மூக்கு விடைத்தது. மீன் வாடை! விரதத்தில்! முந்தின நாள்தான் மீன்காரன் ரொலான் சிவகாமி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான். சின்னம்மாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. பூசாரி வீட்டுக்கு ஓடினாள்.

"சாமி, விரதத்துல யாரோ மீன் வைக்கிறாங்க. பேரைச் சொல்லமாட்டேன். எங்க வீட்டுக்குக் கிழக்கால வீடு."

"நல்லாப் பாத்தியாம்மா?"

"பாக்கணுமா? மூக்கைப் பொளக்குது! இப்பவே வாங்க, கையும் களவுமாப் புடிச்சிடலாம்."

பூசாரி வந்தார். பின்னால் ஊரும் வந்தது. எங்களுக்கும் வேறு வேலை இல்லை.

சிவகாமி வீட்டு அடுப்பில் பருப்புதான் வெந்துகொண்டிருந்தது. பூசாரி வாசலில் நின்று மூக்கை உயர்த்தினார். திரும்பினார். வேலியைத் தாண்டினார். நேராகச் சின்னம்மா வீட்டுக்குள் போய்க் கட்டிலடியில் குனிந்தார்.

கோணி நனைந்திருந்தது. அந்தப் பனிக்கடல் ஜனங்கள் எத்தனை விருந்துக்கு எந்த மிருகத்தின் கொழுப்பை ஊற்றி வைத்தார்களோ, மரம் குடித்ததையெல்லாம் தகரக் கூரையின் சூட்டில் கடல்நாய் கக்கிக்கொண்டிருந்தது. முகத்தில் அதே சிரிப்பு.

"கொழுப்பு!" என்று விரலை உதறினார் பூசாரி. "காப்புக் கட்டின கையோட, வீட்டுக்குள்ள கொழுப்பா?"

சின்னம்மா சட்டென்று யோசித்தாள். மானம் போனால் மெதுவாகத் திரும்பி வரும். கரகம் வராது. கொழுப்பு அடுத்தவளுடையது என்றால் குற்றமும் அடுத்தவளுடையதுதானே?

"மோ ஜிரே, அம்மன் மேல சத்தியம் சாமி! இது என்னுது இல்ல, சிவகாமியோடது. நான் திருடிட்டு வந்தேன்! அவளையே கேளுங்க!"

ஊர் வாயைப் பிளந்தது. சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. சாமி, அக்கா திருடல. காப்புக் கட்டுறதுக்கு முன்னாடியே நான்தான் பிரியப்பட்டு இதைக் குடுத்தேன்."

என்ன மனசு என்று எல்லாரும் உருகிப் போனோம். பூசாரி சின்னம்மாவின் காப்பை அங்கேயே அறுத்தார். "கரகம் இனி உனக்குத்தாம்மா" என்றார் சிவகாமியிடம்.

ஆறுதல் சொல்வதுபோலச் சின்னம்மாவின் தோளை அணைத்துக்கொண்ட சிவகாமி, காதோரம் குனிந்தாள்.

"தினம் தினம் வேலியோரமா நகத்தி நகத்தி வச்சேனே, நீங்க எடுக்காமலே விட்டுடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்க்கா!"