ராணிக்கு மட்டும் ஒன்றுமில்லை

"மாப்பிள்ளை, நீங்க போடச் சொன்ன தடுப்பூசியோட லட்சணத்தை வந்து பாருங்க!"

மாமனார் போட்ட சத்தத்தில் அவன் வாயில் பிரஷ்ஷோடு கோழிக்கூண்டுக்கு ஓடினான். பக்கத்துத் தெருக் கோழிகளுக்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் அம்மைக் கொப்புளம் கண்டதால், போன வாரம்தான் ஊசி போட வைத்திருந்தான். இப்போது எல்லாக் கோழிக்கும் இறக்கையடியில் தடித்துப் பொருக்குக் கட்டியிருந்தது. மாமனாரின் செல்லம் ராணிக்கு மட்டும் ஒன்றுமில்லை.

"சும்மா இருந்த கோழிக்கு அம்மையை விலைக்கு வாங்கிட்டீங்களே!"

அவன் உடனே கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான்.

வந்தவர் ஒவ்வொரு இறக்கையாக விரித்துப் பார்த்து, "பலே, பலே" என்றார். அவன் இன்னும் குழம்பினான். ராணியைத் தூக்கியதும் அவர் முகம் மாறியது.

"இதுக்கு ஏன் பொருக்கு வரல?"

"அது ஆரோக்கியமான கோழிம்மா" என்றார் மாமனார் பெருமையாக.

"குத்தின இடத்துல பொருக்குக் கட்டினாத்தான் மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இதுக்கு நான் ஊசியே போடலையோ?"

மாமனார் தரையைப் பார்த்தார். "அன்னிக்கு என் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். ஊசின்னா பயந்துடுமேன்னு..."

"நல்லா இருக்கு! இனிமே இங்க அம்மை வந்தா இதுக்குத்தான் வரும்."

ராணிக்கும் ஊசி விழுந்தது.

"மருந்து வேலை செய்ய ரெண்டு மூணு வாரமாகும். கொசுதான் இதைப் பரப்பும், கடிக்காம பார்த்துக்கோங்க."

டாக்டரம்மா போனதும் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, என் கட்டில்ல இருக்கிற கொசுவலையை அவுத்து, ராணி கூண்டுல கட்டிடுங்க."